தேனீக்களின் கிராமசபை

சித்தூர் தாலூகா, பெருமாட்டிப் பஞ்சாயத்து. அங்கே ஒரு தென்னந்தோப்பு. தோப்பின் ஓரத்தில் ஒரு மாமரம். ஒரு நாள் காலையில் அந்த மாமரத்தின் தாழ்ந்த கிளையில் கருப்பாக ஏதோ தொங்குகிறது. கிட்டே போனால் 'உய்' என்று சத்தம். அத்தனையும் தேனீக்கள். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு தாடி போலத் தொங்குகின்றன.

இப்படி ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் நாம் என்ன செய்வோம்? "தள்ளிப் போங்கடா, கொட்டிடும்" என்று பிள்ளைகளை விரட்டுவோம். யாராவது ஒருவர் பந்தம் கட்டிக்கொண்டு வருவார். சற்று நேரத்தில் ஆயிரக்கணக்கான தேனீக்கள் கருகிக் கீழே கிடக்கும்.

பந்தம் கொளுத்தும் முன்பு ஒரு கேள்வி. அந்தத் தேனீக்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தன?

கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தன. புது வீடு எது என்று முடிவு செய்துகொண்டிருந்தன.

பூவும் தேனும் நிறைய இருக்கும் காலத்தில் தேனீக்கள் பெருகிவிடும். கூட்டில் இடம் போதாது. அப்போது வேலைக்காரத் தேனீக்கள் புதிய ராணியை வளர்க்கத் தொடங்கும். பழைய ராணி, பாதிக்கு மேற்பட்ட தேனீக்களோடு வீட்டை விட்டு வெளியேறும். இதற்குக் குடி பிரிதல் என்று பெயர். அண்ணன் தம்பி பாகம் பிரிவது போலத்தான். ஆனால் இங்கே பழைய வீடு மகளுக்கு. தாய்தான் வெளியே போகிறாள்.

வெளியே வந்த கூட்டம் ஒரு கிளையில் தொங்கும். வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுத்தான் புறப்பட்டிருக்கும். அந்தத் தேன் சில நாள்களுக்குத்தான் வரும். அதற்குள் வீடு கிடைக்க வேண்டும். பொந்து சின்னதாக இருந்தால் தேன் சேர்த்து வைக்க இடம் இருக்காது. மழைக்காலத்தில் பட்டினிதான். வாசல் பெரிதாக இருந்தால் எறும்பு, குளவி, பல்லி எல்லாம் உள்ளே வரும். ஒரு தடவை தப்பான வீட்டுக்குள் போய் அடை கட்டிவிட்டால் மாறுவது கஷ்டம். அதனால் இது உயிர் போகிற விஷயம்.

ராணி சொல்லும், மற்றவை கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ராணி கூட்டத்தின் நடுவே சும்மா இருக்கும். அதற்கு முட்டை இடும் வேலை மட்டும்தான். வீடு பார்க்கும் விஷயத்தில் அதற்கு ஒரு ஓட்டுக்கூட இல்லை.

பின்னே யார் முடிவு செய்கிறார்கள்?

கூட்டத்தில் பத்தாயிரம் தேனீ இருந்தால், அதில் சில நூறு தேனீக்கள் மட்டும் வீடு தேடிப் போகும். எல்லாம் வயதில் மூத்தவை. வெளியே அலைந்து பழகியவை. அவற்றை நாம் 'இடம் பார்க்கும் தேனீ' என்று சொல்லிக்கொள்வோம். மற்றத் தேனீக்கள் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதை முதலில் கவனித்துச் சொன்னவர் மார்ட்டின் லிண்டவர். ஜெர்மன் நாட்டுக்காரர். தேனீயின் ஆட்டத்துக்குப் பொருள் கண்டுபிடித்து 1973ல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வான் ஃபிரிஷ் என்பவரின் மாணவர். 1949ல் ம்யூனிக் நகரம் போரில் இடிந்து கிடந்தது. அங்கே ஒரு தேனீக் கூட்டம் தொங்குவதை லிண்டவர் பார்த்தார். அதன் மேல் சில தேனீக்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவை அழுக்காக இருந்தன. ஒன்றின் மேல் புகைக்கரி. இன்னொன்றின் மேல் செங்கல் தூள். பூவுக்குப் போன தேனீ மேல் மகரந்தம் அல்லவா ஒட்டியிருக்கும்? கரி எப்படி வந்தது? இவை பூவுக்குப் போகவில்லை, இடிந்த சுவரிலும் புகைபோக்கியிலும் பொந்து தேடிப் போயிருக்கின்றன என்று அவர் ஊகித்தார். பிறகு பல கூட்டங்களின் அருகில் நாள் கணக்கில் உட்கார்ந்து, ஆடும் தேனீக்களுக்குச் சாயப்பொட்டு வைத்துக் கணக்கு எடுத்தார். ஊகம் சரியாக இருந்தது. 1950களில் அவர் இலங்கைக்கும் வந்தார். நம் நாட்டில் உள்ள தேனீ வகைகள் எப்படி ஆடுகின்றன என்று அங்கே பார்த்தார்.

ஆட்டத்தில் செய்தி இருக்கிறது. தேனீ வயிற்றை ஆட்டிக்கொண்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓடும். பிறகு வளைந்து திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வரும். மறுபடியும் ஓடும். இது ஒரு சுற்று. நேர் மேலாக ஓடினால் 'சூரியன் இருக்கும் திசையில் போ' என்று பொருள். வலப்பக்கம் சாய்ந்து ஓடினால் சூரியனுக்கு வலப்பக்கம். அதிக நேரம் ஆட்டிக்கொண்டு ஓடினால் இடம் தூரத்தில் இருக்கிறது. குறைந்த நேரம் என்றால் பக்கத்தில்.

எல்லா வகைத் தேனீக்கும் ஒரே அளவுகோல் இல்லை. பெங்களூரில் அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, மலைத்தேனீ மூன்றையும் வைத்துச் சோதித்தார்கள். 2020ல் முடிவு வெளிவந்தது. ஒரே தூரத்தைச் சொல்ல மலைத்தேனீ கொஞ்ச நேரம்தான் ஆடுகிறது. அடுக்குத்தேனீ அதிக நேரம் ஆடுகிறது. மலைத்தேனீ வெகு தூரம் பறந்து போய் இரை தேடுவது. அதற்குச் சுருக்கமாகப் பேசும் பழக்கம்.

திசையும் தூரமும் சரி. இடம் நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்லும்? அங்கேதான் கணக்கு வருகிறது.

நல்ல பொந்தைப் பார்த்துவிட்டு வந்த தேனீ நிறையச் சுற்று ஆடும். சுமாரான பொந்தைப் பார்த்த தேனீ குறைவாக ஆடும். ஆடிய பிறகு மறுபடியும் பொந்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும். திரும்ப ஆடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆட்டம் குறைந்துகொண்டே போகும். தடவைக்குச் சுமார் 15 சுற்று குறைகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எண்ணியவர் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த தாமஸ் சீலி. தேனீக்களின் ஜனநாயகம் பற்றி 2010ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார்.

பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோப்பில் இரண்டு பொந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பெரிய பொந்து, நல்லது. இன்னொன்று சின்னப் பொந்து, சுமார். பெரிய பொந்தைப் பார்த்த தேனீ முதல் தடவை 60 சுற்று ஆடுகிறது. இரண்டாம் தடவை 45. மூன்றாம் தடவை 30. நான்காம் தடவை 15. பிறகு நிறுத்திவிடுகிறது. கூட்டுங்கள்: 60 + 45 + 30 + 15 = 150.

சின்னப் பொந்தைப் பார்த்த தேனீ முதல் தடவை 30 சுற்று. அடுத்த தடவை 15. அவ்வளவுதான். கூட்டினால் 45.

முதல் ஆட்டத்தில் வித்தியாசம் இரண்டு மடங்கு. 60க்கு 30. மொத்தத்தில் பாருங்கள். 150க்கு 45. மூன்று மடங்குக்கும் மேல்! நல்லதற்கும் சுமாருக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை இந்தக் கழித்தல் கணக்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். எந்தத் தேனீயும் பிடிவாதம் பிடிப்பதில்லை. தான் பார்த்ததைச் சொல்லும். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும். நம் கூட்டங்களில் சிலர் மைக்கை விடவே மாட்டார்கள்! தேனீக்களிடம் அந்தப் பழக்கம் இல்லை.

ஆட்டத்தைப் பார்த்த வேறு தேனீ என்ன செய்யும்? 'அவள் சொன்னாள், அது போதும்' என்று நம்பிவிடாது. அந்த இடத்துக்குத் தானே பறந்து போகும். பொந்துக்குள் நுழைந்து சுவர் முழுவதும் நடந்து பார்க்கும். அதற்கு அரை மணிக்கு மேல்கூட ஆகும். பிடித்திருந்தால் மட்டும் வந்து ஆடும்.

இப்போது பெருக்கல். 30 சுற்று ஆடினால் ஒரு புதுத் தேனீ வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது விளங்குவதற்காக நாம் போட்ட எண்தான். பெரிய பொந்துக்காரத் தேனீ ஒன்று 150 சுற்று ஆடும். 150ஐ 30ஆல் வகுத்தால் 5. ஒரு தேனீ ஐந்து பேரைச் சேர்க்கும். சின்னப் பொந்துக்காரத் தேனீ 45 சுற்று ஆடும். 45ஐ 30ஆல் வகுத்தால் ஒன்றரை. அதாவது இரண்டு தேனீ சேர்ந்து மூன்று பேரைச் சேர்க்கும்.

இரண்டு பக்கமும் நான்கு நான்கு தேனீயோடு தொடங்குவோம். ஆடி முடித்தவை ஒதுங்கிவிடும். புதிதாக வந்தவை ஆடும். பெரிய பொந்துக்கு முதல் முறை 4, இரண்டாம் முறை 20, மூன்றாம் முறை 100. சின்னப் பொந்துக்கு முதல் முறை 4, இரண்டாம் முறை 6, மூன்றாம் முறை 9.

நூறுக்கு ஒன்பது! தொடக்கத்தில் சமமாக இருந்தவர்கள்தான்.

சரி, சின்னப் பொந்து முதலில் கண்ணில் பட்டுவிட்டால்? முந்திக்கொண்டது ஜெயித்துவிடாதா? அதையும் போட்டுப் பார்ப்போம். சின்னப் பொந்து 4, 6, 9 என்று வளர்ந்துவிட்டது. மூன்றாம் முறையில்தான் பெரிய பொந்தை நான்கு தேனீக்கள் கண்டுபிடிக்கின்றன. அப்போது 9க்கு 4. சின்னப் பொந்துதான் முன்னே நிற்கிறது. நான்காம் முறையில் சின்னப் பொந்துக்கு 13 அல்லது 14. பெரிய பொந்துக்கு 20. பின்னால் வந்தது தாண்டிவிட்டது.

எப்போது 'முடிந்தது, புறப்படலாம்' என்று தேனீக்கள் சொல்லும்? எல்லாரும் ஒத்துக்கொள்ளும் வரை காத்திருப்பதில்லை. பொந்தின் வாசலிலும் உள்ளேயும் ஒரே நேரத்தில் இருபது முப்பது தேனீ கூடிவிட்டால் போதும். அதைப் பார்த்த தேனீக்கள் திரும்பி வந்து தகவல் சொல்லும்.

இது நமக்குத் தெரிந்த விஷயம்தான். கிராமசபையில் இதைக் கோரம் என்கிறோம். கேரளத்தில் வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் வந்தால்தான் கிராமசபைக்குக் கோரம். வார்டில் 1,300 வாக்காளர் என்றால் 130 பேர் வேண்டும். நாம் கூட்டம் தொடங்கக் கோரம் பார்க்கிறோம். தேனீ கூட்டத்தை முடிக்கக் கோரம் பார்க்கிறது.

கோரம் ஏன் இருபது? ஐந்தோ ஒன்பதோ போதாதா? மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். கோரம் 9 என்று இருந்தால் மூன்றாம் முறையிலேயே சின்னப் பொந்து ஜெயித்திருக்கும். அவசரம். கோரம் 100 என்று இருந்தால்? பெரிய பொந்தே ஜெயிக்கும், ஆனால் இன்னும் ஒரு முறை காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை வந்துவிடலாம். வயிற்றுத் தேன் தீர்ந்துவிடலாம். ரொம்பக் குறைந்தாலும் ஆபத்து, ரொம்பக் கூடினாலும் ஆபத்து. இருபது முப்பது என்பது நடுவில் உள்ள எண்.

பெருமாட்டிக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய நினைவும் வரலாம். இந்தப் பஞ்சாயத்தில் உள்ள பிளாச்சிமடையில் 2000ல் கோகோ கோலா ஆலை தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் எரவாளர் சமுதாயத்தைச் சேர்ந்த மயிலம்மா. இருந்து பார்த்தவர் சொன்னார். கேட்டவர்களும் தங்கள் கிணற்றில் தண்ணீர் எடுத்துச் சமைத்துப் பார்த்தார்கள், குடித்துப் பார்த்தார்கள். பிறகுதான் அவர்களும் சொன்னார்கள். 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. 2003 ஏப்ரலில் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று பஞ்சாயத்து முடிவு செய்தது. 2004 மார்ச்சில் ஆலை ஓட்டம் நின்றது. மயிலம்மா 2007ல் காலமானார். தேனீயும் மனிதரும் ஒன்றல்ல. வழக்கும் கோர்ட்டும் தேனீக்குக் கிடையாது. ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் தானே சோதித்துப் பார்த்த பிறகு சொல்வது இரண்டிலும் உண்டு. வதந்தி பரவுவது வேறு, இது வேறு.

இனி ஒரு சிக்கலான கேள்வி. இரண்டு பொந்தும் ஒரே மாதிரி நன்றாக இருந்தால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் சமமாக வளரும். தராசு எந்தப் பக்கமும் சாயாது. கூட்டம் கிளையிலேயே தொங்கிச் செத்துப்போகுமா?

சீலியும் அவருடைய நண்பர்களும் இதைச் சோதித்தார்கள். ஒரே மாதிரி இரண்டு பெட்டி வைத்தார்கள். ஒரு பெட்டிக்கு வந்த தேனீக்களுக்கு ஒரு நிறப் பொட்டு. மற்றப் பெட்டிக்கு வந்தவற்றுக்கு வேறு நிறம். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்கள். ஒரு நிறத் தேனீ ஆடிக்கொண்டிருக்கும்போது மற்ற நிறத் தேனீ வந்து தலையால் முட்டியது. முட்டும்போது 'பீப்' என்று சின்னச் சத்தம். 'நிறுத்து' என்று அர்த்தம். பல தடவை முட்டு வாங்கினால் ஆடும் தேனீ நிறுத்திவிடும். இந்தச் செய்தி 2012ல் வெளியானது. அந்தக் குழுவில் கணக்கு வல்லுநர்களும் இருந்தார்கள். முட்டு இல்லாவிட்டால் தராசு சமமாகவே நிற்கும், முட்டு இருந்தால் ஒரு பக்கம் சாயும் என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அவர்கள் போட்டது பெரிய கணக்கு. நாம் சின்னதாகப் போடுவோம். ஒரு பக்கம் 22 தேனீ, மறுபக்கம் 18. வித்தியாசம் 4. ஒவ்வொரு தேனீயும் எதிர்ப்பக்கத்தை ஒரு தடவை முட்டுகிறது. இரண்டு முட்டுக்கு ஒரு தேனீ ஆட்டத்தை நிறுத்தும் என்று வைத்துக்கொள்வோம். 22 முட்டு விழுந்தால் அந்தப் பக்கம் 11 தேனீ நிறுத்தும். 18ல் 11 போனால் மீதி 7. இந்தப் பக்கம் 18 முட்டு. 9 தேனீ நிறுத்தும். 22ல் 9 போனால் மீதி 13. இப்போது 13க்கு 7. வித்தியாசம் 6 ஆகிவிட்டது. இன்னொரு தடவை முட்டினால்? 7 முட்டுக்கு 3 போகும், மீதி 10. 13 முட்டுக்கு 6 போகும், மீதி 1. பத்துக்கு ஒன்று! கிட்டத்தட்டச் சமமாக இருந்த தராசு சாய்ந்துவிட்டது. இரண்டு வீடும் நல்ல வீடுதான். எது என்பது முக்கியமில்லை. ஏதாவது ஒன்று என்று முடிவாவதுதான் முக்கியம்.

இவ்வளவு கணக்கும் நிஜத்தில் பலிக்கிறதா? அமெரிக்காவில் மரமே இல்லாத ஒரு தீவுக்கு சீலி தேனீக்களைக் கொண்டுபோனார். மரம் இல்லாததால் வேறு பொந்து கிடைக்காது. அங்கே ஐந்து பெட்டிகள் வைத்தார். நான்கு பெட்டி 15 லிட்டர் அளவு. அதாவது ஒரு குடம். ஒரே ஒரு பெட்டி மட்டும் 40 லிட்டர். ஏறக்குறைய மூன்று குடம். அதுதான் அந்தத் தேனீக்களுக்கு வசதியான அளவு. ஐந்து கூட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக விட்டுப் பார்த்தார். நான்கு கூட்டங்கள் பெரிய பெட்டிக்கே போய்ச் சேர்ந்தன. ஒன்று தவறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெட்டியைத் தொட்டால் ஐந்தில் ஒரு தடவைதான் சரியாக வரும். ஐந்தில் நான்கு தடவை அதிர்ஷ்டத்தால் சரியாக வருவது 150 தடவையில் ஒரு தடவை நடந்தாலே அதிகம்.

இந்த எண்ணிக்கை எல்லாம் இத்தாலியத் தேனீ வகையில் எடுத்தது. நம் அடுக்குத்தேனீயின் கூட்டம் சிறியது. அதற்குப் பொந்தும் சிறியது போதும். ஆடிப் பேசுவது இரண்டிலும் உண்டு.

முடிவு ஆனதும் இடம் பார்க்கும் தேனீக்கள் கூட்டத்துக்குள் புகுந்து 'பீ' என்று ஊதும். தொங்கிக்கொண்டிருந்தவை உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். 35 டிகிரி சூடு வந்தால்தான் நன்றாகப் பறக்க முடியும். பிறகு ஒரு நிமிஷம். தாடி அவிழ்ந்து மொத்தமும் ஆகாயத்தில். வழி தெரிந்த சில நூறு தேனீக்கள் கூட்டத்தின் மேல்பக்கமாக வேகமாகப் பாய்ந்து போய் வழி காட்டும். மற்றவை பின்னால் போகும்.

ஆக, கிளையில் தொங்கும் கூட்டம் சில மணி நேரத்தில், அல்லது இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும். அதற்கு அங்கே அடை இல்லை, புழு இல்லை, காவல் காக்க ஒன்றும் இல்லை. வயிறும் நிறைந்திருக்கும். சீண்டாவிட்டால் பெரும்பாலும் கொட்டாது. இது அடுக்குத்தேனீக்குச் சொன்னது. மலைத்தேனீக்கு இது பொருந்தாது. உயரமான மரத்திலும் பாறையிலும் ஒரே பெரிய அடையாகக் கட்டுமே, அது. அதன் அருகில் போகவே கூடாது. பிள்ளைகளைக் கல் எறிய விடக்கூடாது.

பந்தம் வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 1991, 1992 ஆண்டுகளில் அடுக்குத்தேனீயின் புழுக்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பரவியது. பெட்டி பெட்டியாகக் கூட்டங்கள் அழிந்தன. தேன் விற்றுப் பிழைத்த குடும்பங்கள் தவித்தன. அதில் தப்பிய கூட்டங்களிலிருந்துதான் மறுபடியும் பெருக வேண்டியிருந்தது. பூசணியும் பாகலும் காய்க்கத் தேனீ வேண்டும். ஒரு கூட்டத்தை எரிப்பது தோட்டத்து விளைச்சலையும் சேர்த்து எரிப்பது.

பெட்டி வைத்துத் தேன் எடுக்க நினைப்பவருக்கு இந்தக் கணக்கு நேரடியாகவே உதவும். கூட்டத்தின் மேல் ஆடும் தேனீக்களைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பல திசையில் ஆடினால் பேச்சு இன்னும் முடியவில்லை, அவகாசம் இருக்கிறது. எல்லாம் ஒரே திசையில் ஆடினால் புறப்படப் போகின்றன. பழகியவரை உடனே கூப்பிடுங்கள். அவர் பெரும்பாலும் மாலை மங்கும் நேரத்தில்தான் பிடிப்பார். ராணி பெட்டிக்குள் போய்விட்டால் மற்றவையும் உள்ளே போய்விடும். காலிப் பெட்டியின் உள்ளே தேன்மெழுகு தடவி நிழலில் கட்டி வைப்பவர்களும் உண்டு. இடம் பார்க்கும் தேனீ தானே வந்து நுழைந்து பார்க்கும். பிடித்தால் போய் ஆடும்.

இப்போது ஒரு கணக்கு உங்களுக்கு. சின்னப் பொந்து முதல் முறையிலேயே கண்ணில் பட்டுவிட்டது. 4, 6, 9 என்று வளர்கிறது. பெரிய பொந்தை ஐந்தாம் முறையில்தான் நான்கு தேனீக்கள் கண்டுபிடிக்கின்றன. கோரம் 20. எந்தப் பொந்து ஜெயிக்கும்? கோரம் 40 என்று இருந்தால் எது ஜெயிக்கும்? போட்டுப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரின் விடையோடு ஒத்துப் பாருங்கள். விடை வேறாக இருந்தால், யார் சொன்னது சரி என்று இருவரும் முதலிலிருந்து எண்ணிப் பாருங்கள்.